பெயரை அருந்துகின்றவர்களுக்கு

வைன் பற்றி எழுதுகின்றவர்களிடம் ஒரு சொற்றொடர் எப்போதும் கையிருப்பில் இருக்கும். தென் பிரான்சிலிருந்து, கிரெனாஷ் என்னும் கருந்திராட்சையை முதன்மையாகக் கொண்டு வடித்த சிவப்பு வைன் ஒன்று அவர்களுடைய மேசைக்கு வந்துவிட்டால் அந்தச் சொற்றொடரை எடுத்து ஒட்டிவிடுவார்கள். "கொடுக்கின்ற பணத்துக்குப் பெறுமதியானது" என்பதே அது. போர்தோவின் முந்நூறு யூரோப் போத்தலைப் பற்றி எழுதும்போது அதன் ஆழத்தையும் மரபையும் மாளிகையின் கோபுரங்களையும் பக்கம் பக்கமாகப் பேசுவார்கள். ரூசியோன் பிரதேசத்தின் பன்னிரண்டு யூரோப் போத்தலுக்கு வந்ததும் பேச்சு சட்டைப்பையை நோக்கித் திரும்பிவிடும்.

இதனைப் பாராட்டு என்று பலர் கருதுகின்றனர். நான் அவ்வாறு கருதவில்லை. ஒரு நல்ல ஆசிரியரைப் பற்றிக் கேட்டால், "வாங்குகின்ற சம்பளத்துக்குப் பரவாயில்லை" என்று எவரேனும் பதில் சொன்னால் அது பாராட்டாகுமா? வைனின் தரத்தைப் பேச மறுத்து விலையை மட்டும் பேசுவது, அந்த மண்ணையும் அதில் குனிந்து உழைப்பவனையும் இரண்டாம் வரிசையில் இருத்துகின்ற தந்திரமேயன்றி வேறில்லை.

மது அருந்துமாறு எவரையும் நான் தூண்டவில்லை. அருந்தாதவர்கள் அருந்தாமலே இருப்பது நன்று. இந்தக் கட்டுரை குடியைப் பற்றியதன்று; பெயரும் விலையும் சேர்ந்து மனிதரின் நாவையும் நீதியுணர்வையும் எவ்வாறு மழுங்கச் செய்கின்றன என்பதைப் பற்றியது. அந்த நோய் வைனோடு நின்றுவிடுவதில்லை என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். பிரான்சின் தென்கோடியில், ஸ்பெயின் எல்லையோடு ஒட்டிய பிரெனே கிழக்கு மாவட்டமே ரூசியோன் பிரதேசம். தலைநகர் பெர்ப்பினியான். கிழக்கே மத்தியதரைக் கடல். தெற்கே பிரெனே மலைத்தொடர். மேற்கே 2,784 மீற்றர் உயரமான கனிகூ சிகரம். வடக்கே கொர்பியேர் குன்றுகள். மூன்று பக்கம் மலையும் ஒரு பக்கம் கடலுமாக அமைந்த இந்தக் கிண்ணத்துக்குள் அக்லி, தெத், தெக் என்னும் மூன்று ஆறுகள் இறங்குகின்றன. 1659ஆம் ஆண்டின் பிரெனே உடன்படிக்கை வரையில் இதன் பெரும்பகுதி ஸ்பெயின் அரசுக்கு உரியதாக இருந்தது. மக்கள் கத்தலான் மொழி பேசியவர்கள். இன்றும் பேசுகின்றவர்கள் உளர். அக்லி ஆற்றங்கரையில் லத்தூர்-து-பிரான்ஸ் என்றோர் ஊர் இருக்கின்றது. பெயரைக் கேட்டுச் சைக்கிளோட்டப் போட்டியை நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது பழைய எல்லைக் காவற்கோபுரம். பிரான்ஸ் அங்கே முடிந்தது என்பதற்கான அடையாளம். அதற்கு அண்மையிலுள்ள தோத்தவெல் குகையிலேதான் ஏறத்தாழ 4,50,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனித மண்டையோடு 1971இல் கண்டெடுக்கப்பட்டது. மனிதன் அவ்வளவு தொன்மையாகக் காலூன்றிய மண்ணைத்தான் பாரிஸின் வைன் வியாபாரிகள் "அதிகம் அறியப்படாத பிரதேசம்" என்று எழுதுகின்றார்கள்.

அந்த மண்ணுக்கு ஏற்ற கொடி கிரெனாஷ். ஸ்பெயினில் இதனைக் கார்னாச்சா என்பார்கள். இத்தாலியின் சார்டீனியத் தீவில் கனோனாவ். தாமதமாகக் கனியும், வெப்பத்தை விரும்பும், வறட்சியைத் தாங்கும், தண்டு தடித்து நிமிர்ந்து நிற்பதால் காற்றுக்கு அஞ்சாது. ரூசியோனில் வடமேற்கிலிருந்து திரமொந்தான் என்னும் வறண்ட காற்று ஓய்வில்லாமல் அடிக்கும். அந்தக் காற்றுக்கு முன்னால் மெலிந்த கொடிகள் நிலைத்து நிற்பது கடினம். யாழ்ப்பாணத்து முந்திரிகைத் தோட்டங்களைப் பந்தலோடு சேர்த்தே நினைத்துப் பழகியவர்களுக்கு இங்குள்ள பழைய கொடிகள் வியப்பைத் தரும். பந்தலில்லை; கம்பியில்லை. முழங்கால் உயரத்தில், முறுக்கேறிய சிறு மரங்களைப்போலத் தனித்தனியே நிற்கின்றன. ஐம்பது, அறுபது, சில இடங்களில் நூறு ஆண்டு வயது. மோரி என்னும் ஊரில் மண்ணே கருமையான தகட்டுப்பாறை. கற்களுக்கிடையே வேர் எவ்வாறு நுழைந்தது என்று நின்று யோசிக்க வேண்டியிருக்கும்.

இந்தக் கொடி தருகின்ற வைன் எத்தகையது? நிறத்தில் மிகக் கருமையானதன்று. துவர்ப்புக் குறைவு, மென்மை அதிகம். செம்பழங்களின் மணமும், வெயிலில் உலர்ந்த மூலிகைச் செடிகளின் மணமும், மிளகின் மெல்லிய காரமும் இருக்கும். மதுசாரம் 14, 14.5 வீதத்துக்குக் குறைவது அரிது. தனித்து நின்றால் காற்றுப்பட்டு விரைவில் களைத்துப்போகின்ற இயல்பு இதற்கு உண்டு. ஆகவே நிறத்துக்கும் கட்டுக்கும் சிரா, புளிப்புக்கும் முரட்டுத்தன்மைக்கும் கரினியான், சில வேளைகளில் மூர்வெத்ர் ஆகிய திராட்சைகளைத் துணைக்குச் சேர்ப்பார்கள். கோத் து ரூசியோன் வில்லாஜ் என்ற பெயர்ச்சீட்டோடு வருகின்ற சிவப்பு வைன்களின் பொதுவான அமைப்பு இதுதான். இதே கிரெனாஷ்தான், ரோன் பள்ளத்தாக்கின் ஷாத்தோநெவ்-து-பாப் என்னும் புகழ்பெற்ற வைனுக்கும் முதுகெலும்பு. அங்கே நாற்பது, ஐம்பது யூரோவுக்குத் தயங்காமல் விற்கின்றது. தெற்கே இறங்கி ரூசியோனுக்கு வந்ததும் அதே கொடிக்குப் "பெறுமதியானது" என்ற பட்டம் மட்டும்தான்.

"அவ்வளவு நல்லதாயின் ஏன் மலிவாக விற்கின்றது?" இது என்னிடம் பல தடவைகள் கேட்கப்பட்ட கேள்வி. கேட்டவர்கள் யாவரும் கெட்டிக்காரக் கேள்வி கேட்டுவிட்ட பெருமிதத்தோடுதான் கேட்டார்கள். நாற்பது ஆண்டுகள் செய்தித்தாள் அலுவலகங்களில் கழித்த எனக்கு இந்தத் தர்க்கம் நன்கு பழக்கமானது. தலைப்பு பெரிதாக இருந்தால் செய்தியும் உண்மையாக இருக்க வேண்டும் என்று நம்புகின்ற வாசகரின் தர்க்கம் அது. தலைப்பின் பருமனை யார், எதற்காகத் தீர்மானிக்கின்றார்கள் என்பதை உள்ளே இருந்தவர்கள் அறிவார்கள். வைனின் விலையையும் அவ்வாறே உள்ளே சென்று பார்க்க வேண்டும்.

1855ஆம் ஆண்டு பாரிஸில் மாபெரும் கண்காட்சி நடைபெற்றது. மூன்றாம் நெப்போலியனின் ஆட்சி. கண்காட்சியில் வைக்கப்படும் போர்தோ வைன்களைத் தரவரிசைப்படுத்தித் தருமாறு கேட்கப்பட்டது. போர்தோவின் தரகர்கள் ஐந்து வகுப்புகளாகப் பட்டியலிட்டுக் கொடுத்தார்கள். எதனை அடிப்படையாக வைத்து? அந்த வைன்கள் சந்தையில் அதுவரை பெற்றுவந்த விலையை வைத்து. அதாவது விலை உயர்ந்தது முதல் வகுப்பு ஆயிற்று. பின்னர் முதல் வகுப்பு என்பதால் விலை உயர்ந்தது. இந்த வட்டத்துக்குள் புதியவர் எவரும் எளிதில் நுழைய முடியாது. அந்தப் பட்டியல் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதில் நிகழ்ந்த குறிப்பிடத்தக்க பதவியுயர்வு ஒன்றே ஒன்று: 1973இல் மூத்தோன் ரொத்ஷீல்ட் இரண்டாம் வகுப்பிலிருந்து முதல் வகுப்புக்கு உயர்த்தப்பட்டது. ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முந்திய தரகர்களின் விலைப்பட்டியலைத்தான் இன்று நாம் "மரபு" என்று வணங்குகின்றோம்.

ரூசியோனின் சிவப்பு வைனுக்கு உயர்தரப் பிறப்பிடப் பெயர் என்ற அரச அங்கீகாரம் எப்போது கிடைத்தது? கொலியூருக்கு 1971இல். கோத் து ரூசியோனுக்கும் அதன் வில்லாஜ் பிரிவுக்கும் 1977இல். போர்தோப் பட்டியலுக்கு 122 ஆண்டுகள் பிந்தி. ஓட்டப்பந்தயத்தில் ஒருவனை 122 ஆண்டுகள் கழித்து ஓடவிட்டு, "ஏன் பின்னால் நிற்கின்றாய்?" என்று கேட்பது நியாயமா?

இந்தப் பின்னடைவுக்கும் காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்றுகூட வைனின் சுவையோடு தொடர்புடையதன்று. போர்தோவுக்குப் பெருந்துறைமுகம் இருந்தது. ஆங்கிலேய வணிகர் இருந்தனர். நிலவுடைமைப் பிரபுக்கள் இருந்தனர். ரூசியோன் எல்லைப்புறம். அத்தோடு, பல நூற்றாண்டுகளாக இந்த மண் உலர்சிவப்பு வைனுக்கன்றி இனிப்பு வைனுக்கே பெயர் பெற்றிருந்தது. நொதித்துக்கொண்டிருக்கும் திராட்சைச் சாற்றில் வடிசாராயத்தைச் சேர்த்து நொதித்தலை நிறுத்தினால் சாற்றின் இயற்கை இனிப்பு எஞ்சிவிடும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் அர்னாவ் த விலனோவா என்ற மருத்துவர் கண்டறிந்ததாகக் கூறப்படும் முறை இது. பன்யுல்ஸ், மோரி, ரிவசால்த் ஆகிய இனிப்பு வைன்கள் 1936இலேயே பிறப்பிடப் பெயர் பெற்றுவிட்டன. உணவுக்கு முன்னர் இனிப்பு வைன் அருந்துகின்ற வழக்கம் பிரான்சில் தேய்ந்தபோது அந்தச் சந்தை சரிந்தது. விவசாயிகளின் கையில் எஞ்சியவை வயது முதிர்ந்த கிரெனாஷ் கொடிகள். அவற்றிலிருந்து உலர்சிவப்பு வைன் வடிக்கத் தொடங்கினார்கள். மோரி ஊரின் உலர்சிவப்பு வைனுக்குத் தனிப் பிறப்பிடப் பெயர் கிடைத்தது 2011இல்தான்.

இன்னொரு வரலாறும் உண்டு. 1907. தென் பிரான்ஸ் முழுவதிலும் வைன் விலை அதலபாதாளத்தில் கிடந்தது. மிகை உற்பத்தி ஒருபுறம். அல்ஜீரியாவிலிருந்து வந்த வைன் இன்னொருபுறம். எல்லாவற்றுக்கும் மேலாகச் சீனியையும் நீரையும் கலந்து வைன் என்று விற்ற மோசடி. அர்ஜலியே என்ற சிற்றூரின் உணவுவிடுதிக்காரரான மார்சலன் அல்பேர், மார்ச் 11ஆம் திகதி 87 பேருடன் நார்போன் நகருக்கு நடந்தார். மூன்று மாதத்துக்குள், ஜூன் 9ஆம் திகதி, மொன்பெலியே நகரில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் திரண்டனர். பிரதமர் கிளெமென்சோ படையை அனுப்பினார். நார்போனில் துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலிகள். பெர்ப்பினியானில் மாவட்ட அரச செயலகம் தீக்கிரையானது. சுடுவதற்கு அனுப்பப்படுவோமோ என்று அஞ்சிய பதினேழாம் காலாட்படையின் சிப்பாய்கள் கலகம் செய்து பெசியே நகரில் மக்களோடு அமர்ந்துகொண்டனர். ஜூன் 29ஆம் திகதி மோசடிக்கு எதிரான சட்டம் நிறைவேறியது. "வைன் என்றால் திராட்சையிலிருந்தே வரவேண்டும்" என்ற எளிய உண்மைக்காக உயிர் கொடுத்தவர்கள் இந்தத் தென்னாட்டு ஏழை விவசாயிகள்தாம். அதற்குப் பின்னர்தான் கூட்டுறவுச் சங்கங்கள் ஊருக்கு ஊர் எழுந்தன. மோரியின் கூட்டுறவு 1910இல் தொடங்கியது. பிறப்பிடத்துக்கு உத்தரவாதம் கேட்டுப் போராடியவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் "பெயரில்லாத பிரதேசம்" என்ற பட்டம் கிடைத்திருப்பது வரலாற்றின் கேலியன்றி வேறென்ன?

சரி, வரலாறு கிடக்கட்டும், நாவு என்ன சொல்கின்றது என்பீர்கள். சில ஆண்டுகளுக்கு முன்னர் பாரிஸின் புறநகர் ஒன்றில் நண்பர் வீட்டில் ஏழு பேர் கூடியிருந்தோம். எல்லோரும் நம்மவர்கள். நான்கு போத்தல்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, கழுத்தில் எண்ணை மட்டும் எழுதி வைத்தேன். ஒன்று 140 யூரோப் போர்தோ. விருந்தினர்களில் ஒருவர் கொண்டுவந்தது. ஒன்று 11 யூரோ ரூசியோன் வில்லாஜ். மற்றவை இரண்டும் இடைப்பட்ட விலையின. ஏழு பேரில் நால்வர் ரூசியோனையே முதலாவதாக வைத்தனர். 140 யூரோப் போத்தலைக் கொண்டுவந்தவரும் அந்த நால்வரில் ஒருவர். தாளைப் பிரித்துக் காட்டியதும் அவர் தம்முடைய போத்தலை மீண்டும் ஒருமுறை சுவைத்துவிட்டு, "அண்ணை, இதிலை ஒரு ஆழம் இருக்கு எண்டு நான் அப்பவே நினைச்சனான்" என்றார். நினைத்தவர் ஏன் எழுதவில்லை என்று நான் கேட்கவில்லை. விருந்தினரிடம் அவ்வாறு கேட்பது பண்பன்று.

ஏழு பேரின் நாவு அறிவியலாகாது என்பது உண்மை. ஆகவே அறிவியலுக்கே செல்வோம். 2008இல் கலிபோர்னியாவில் ஆய்வாளர்கள் இருபது பேருக்கு வைன் கொடுத்து மூளையைப் படமெடுத்தார்கள். ஒரே வைனை ஒருமுறை 10 டொலர் என்றும் மறுமுறை 90 டொலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 டொலர் என்று சொன்னபோது கூடுதல் சுவையென்று சொன்னது மட்டுமன்று. இன்பத்தை உணர்கின்ற மூளைப்பகுதியும் உண்மையிலேயே கூடுதலாக இயங்கியது. அதே ஆண்டில் வெளியான இன்னோர் ஆய்வில், பெயர் மறைத்து நடத்திய ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட சுவைப்புகள் ஆராயப்பட்டன. வைனில் சிறப்புப் பயிற்சி இல்லாதவர்கள் விலை கூடிய வைனைச் சற்றுக் குறைவாகவே விரும்பினார்கள் என்பது அதன் முடிவு. கலிபோர்னிய மாநிலப் போட்டியின் நடுவர்களுக்கு ஒரே போத்தலின் வைனை மூன்று தடவை மறைவாகக் கொடுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழப் பத்தில் ஒருவரே ஒரே மாதிரியான புள்ளியை மீண்டும் வழங்கினார். 1976இல் பாரிஸில் பிரெஞ்சு நடுவர்களே முன்னிருந்து, பெயரறியாமல் சுவைத்து, தங்கள் நாட்டின் பெரும்பெயர்களைத் தள்ளிவிட்டுக் கலிபோர்னியாவின் வைன்களை முதலிடத்தில் வைத்த கதை உலகறிந்தது.

இவற்றையெல்லாம் விடப் பெரிய பாடத்தைத் தந்தவர் ரூடி கூர்ணியவான் என்ற மோசடிக்காரர். வீட்டுச் சமையலறையில் வைன்களைக் கலந்து, பழைய பெயர்ச்சீட்டுகளைப் போலியாக அச்சிட்டு, அமெரிக்காவின் பெருஞ்செல்வர்களிடம் மில்லியன் கணக்கில் விற்றார். அகப்பட்டது எதனால்? சுவையினாலா? இல்லை. பொன்சோ குடும்பத்தின் குளோ சான்-தெனி வைன் என்று 1945 தொடக்கம் 1971 வரையிலான ஆண்டுகளைப் பொறித்து 2008இல் நியூயோர்க் ஏலத்துக்கு அனுப்பினார். அந்தக் குடும்பம் அந்த வைனை வடிக்கத் தொடங்கியதே 1982இல். திகதி காட்டிக்கொடுத்தது, நாவு காட்டிக்கொடுக்கவில்லை. 2013இல் குற்றவாளியாகக் காணப்பட்டு 2014இல் பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். ஆயிரக்கணக்கான டொலர் கொடுத்து அந்தப் போத்தல்களைத் திறந்து கண்மூடிச் சுவைத்து நெகிழ்ந்தவர்கள் அருந்தியது என்ன? பெயரைத்தான்.

இங்கே ஓர் எதிர்வாதத்துக்கு விடை சொல்லியாக வேண்டும். "கிரெனாஷ் முரட்டு வைன். மதுசாரம் மிகை. நுட்பம் இல்லை" என்பார்கள். மதுசாரம் மிகை என்பது மெய். அறுவடையைத் தாமதித்து, ஓக் பீப்பாய்களில் மிகையாக வைத்து, பாகுபோலத் தடித்த வைன் செய்தவர்களும் ரூசியோனில் உண்டு. அதனை நான் பாதுகாக்க வரவில்லை. ஆனால் கால்ஸ் போன்ற மேட்டுநிலக் கிராமங்களில் ஒரு தலைமுறையாக அறுவடையை முன்னதாகச் செய்து, ஓக்கைக் குறைத்து, தெளிந்த வைன் வடிப்பவர்கள் இருக்கின்றார்கள். மோசமான போர்தோவும் ஏராளம் இருக்கின்றது. அதனைக் காட்டிப் போர்தோ முழுவதையும் எவரும் ஒதுக்குவதில்லை. பெயருள்ளவனின் குறை தனிமனிதக் குறையாகவும், பெயரற்றவனின் குறை இனத்தின் குறையாகவும் கணக்கிடப்படுவதை நாம் வேறு இடங்களிலும் பார்த்திருக்கின்றோம்.

இனி, மலிவு என்பதன் மறுபக்கத்துக்கு வருவோம். என் வாதத்தின் இதயம் இதுதான்.

பழைய கொடிகள் குறைவாகவே காய்க்கும். ஒரு ஹெக்டயரில் 20 ஹெக்டோலீற்றர் கிடைத்தால், அது 2,000 லீற்றர். முக்கால் லீற்றர் போத்தல்களாக ஏறத்தாழ 2,660. வளமான சமநிலத்தில் 60 ஹெக்டோலீற்றர் எடுப்பவனுக்கு அதே பரப்பில் 8,000 போத்தல்கள். சரிவிலும் கல்லிலும் தனித்து நிற்கும் கொடிகளுக்குள் அறுவடை இயந்திரம் நுழையாது. ஒவ்வொரு குலையையும் கையினாலேயே கொய்ய வேண்டும். மூன்று மடங்கு குறைந்த விளைச்சல், பல மடங்கு கூடிய உழைப்பு, ஆயினும் குறைந்த விலை. இந்தக் கணக்கு எங்கே சரிவரும்? விவசாயியின் வருமானத்தில் வெட்டினால்தான் சரிவரும்.

இலண்டனில் வாழும் வாசகர்களுக்கு இன்னொரு கணக்கு. பிரித்தானியாவில் 2023 ஓகஸ்ட் தொடக்கம் மதுவரி மதுசாரத்தின் அளவுக்கேற்ப அறவிடப்படுகின்றது. வைனுக்கு வழங்கப்பட்டிருந்த தற்காலிகச் சலுகையும் 2025 பெப்ரவரியில் முடிந்தது. 14.5 வீத மதுசாரமுள்ள ஒரு போத்தலுக்கு மூன்று பவுணுக்கு மேல் மதுவரி; மொத்தத்தின் மீது 20 வீத விற்பனை வரி. பத்துப் பவுண் கொடுத்து வாங்கினால் ஏறத்தாழ ஐந்து பவுண் அரசுக்கே போகின்றது. மீதி ஐந்தில் கடைக்காரர், இறக்குமதியாளர், கப்பல், கண்ணாடி, தக்கை, பெயர்ச்சீட்டு. கடைசியாக வரிசையில் நிற்பவன் கொடியை வளர்த்தவன். வெயில் மிகுந்த மண்ணில் திராட்சையில் இனிப்பு ஏறுவதும், இனிப்பு மதுசாரமாவதும் இயற்கை. சூரியனுக்கும் சேர்த்து அவனிடம் வரி வாங்குகின்றார்கள். ஆறு பவுணுக்கு அதே வகை வைனைப் பேரங்காடியில் கண்டு மகிழ்பவர்கள், அந்த ஆறில் விவசாயிக்கு என்ன மிஞ்சியிருக்கும் என்று ஒரு நிமிடம் கணக்குப் பார்க்க வேண்டும். தேயிலைப் பொதியின் விலையையும் கொழுந்து பறிப்பவளின் நாட்கூலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இந்தக் கணக்கை நான் விளக்க வேண்டியதில்லை.

விளைவு என்ன? 2022 தொடக்கம் ரூசியோனை வறட்சி வாட்டியது. அக்லி ஆறு வறண்டு கிடந்த காட்சியை ஐரோப்பியத் தொலைக்காட்சிகள் காட்டின. வறட்சியைத் தாங்கும் கொடியென்று பேர்பெற்ற கிரெனாஷே வாடியது. 2024இல் பிரெஞ்சு அரசு, வைனுக்குக் கிராக்கி குறைந்ததைக் காரணங்காட்டி, கொடிகளை நிரந்தரமாகப் பிடுங்கியெறிகின்ற விவசாயிக்கு ஹெக்டயருக்கு 4,000 யூரோ கொடுப்பதாக அறிவித்தது. நாடு முழுவதிலும் இருபதினாயிரம் ஹெக்டயருக்கு மேற்பட்ட நிலத்துக்கு விண்ணப்பங்கள் குவிந்தன. எண்பது ஆண்டு நின்ற கொடியைப் பிடுங்க ஒரு முற்பகல் போதும். மீண்டும் நட்டால் அதே வயதை அடைய எண்பது ஆண்டுகள் வேண்டும். நட்டவன் அதனைப் பார்க்கமாட்டான்.

பிடுங்கிய இடத்தில் என்ன முளைக்கின்றது? முட்புதரும் உலர்புல்லும். 2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி, ரூசியோனுக்கு வடக்கே கொர்பியேர் குன்றுகளில் மூண்ட தீ ஏறத்தாழ 16,000 ஹெக்டயர் நிலத்தைத் தின்றது, உயிரும் பலியானது. உழுது துப்புரவாக வைத்திருக்கும் திராட்சைத் தோட்டம் தீயைத் தடுத்து நிறுத்துகின்ற இயற்கை அரண். அந்த அரண்கள் ஆண்டுக்காண்டு குறைந்து வந்ததும் தீ பரவியதற்கு ஒரு காரணம் என்பதை அந்நாட்களில் அங்குள்ளவர்கள் வாய்விட்டே சொன்னார்கள். ஆகவே பேரங்காடியில் நாம் மிச்சப்படுத்துகின்ற சில யூரோ, எங்கோ ஒரு குன்றில் தீயாகக் கணக்குத் தீர்க்கப்படுகின்றது.

"சந்தை தீர்மானிக்கின்றது, அதில் நாம் என்ன செய்ய முடியும்?" என்பார்கள். சந்தை என்பது வானத்திலிருந்து இறங்கியதன்று. 1855இல் தரகர்கள் சந்தையைச் செய்தார்கள்; இன்று விமர்சகர்களும் பேரங்காடிகளும் செய்கின்றார்கள்; கையை நீட்டி ஒரு போத்தலை எடுக்கும்போது நாமும் செய்கின்றோம். நான் சொல்வது எளிது. நான்கு யூரோப் போத்தலுக்கும் பன்னிரண்டு யூரோப் போத்தலுக்கும் இடையிலுள்ள வேறுபாடு பெரும்பாலும் உழைப்பு: பழைய கொடி, கை அறுவடை, குறைந்த விளைச்சல். பன்னிரண்டுக்கும் முந்நூறுக்கும் இடையிலுள்ள வேறுபாடு பெரும்பாலும் பெயர். உழைப்புக்குப் பணம் கொடுங்கள், பெயருக்குக் கொடுக்காதீர்கள். இதில் மலிவை நாடுகின்ற கஞ்சத்தனமும் இல்லை, ஆடம்பரமும் இல்லை.

நம்மவர்களின் விருந்துகளில் இப்போது போத்தலை மேசைமீது வைக்கும்போது பெயர்ச்சீட்டு விருந்தினரை நோக்கியிருக்குமாறு திருப்பிவைக்கின்ற வழக்கம் வந்துவிட்டது. யவனர் கொணர்ந்த தேறலைச் சங்கப் புலவர்கள் பாடியபோது அதன் நறுமணத்தைப் பாடினார்களே தவிர விலையைப் பாடவில்லை. அருந்துகின்ற பழக்கமுள்ளவர்கள் அருந்தத்தான் போகின்றீர்கள், அறிந்து அருந்துங்கள். கோத் து ரூசியோன் வில்லாஜ் என்ற எழுத்துக்களையும், அதற்குக் கீழே தோத்தவெல், லத்தூர்-து-பிரான்ஸ், கரமனி, லெஸ்கேர்த் என்று ஊர்ப்பெயர் ஏதேனும் இருக்கின்றதா என்பதையும் பாருங்கள். தோட்டத்திலேயே போத்தலில் அடைத்தது என்ற குறிப்பைத் தேடுங்கள். ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தின் வைனாக இருந்தாலும் நன்றே. 16 பாகை வரையில் சற்றுக் குளிர்வித்துப் பரிமாறுங்கள். மதுசாரத்தின் சூடு அடங்கி, பழமும் மூலிகையும் மேலெழும். ஆட்டிறைச்சியோடு நன்கு பொருந்தும். ஆயினும் நமது வழக்கமான அளவில் மிளகாயைப் போட்டால் மதுசாரம் அந்த எரிவை இரட்டிப்பாக்கும் என்பதையும் மறவாதீர்கள்.

விமர்சகர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த தடவை ரூசியோனின் கிரெனாஷ் உங்கள் மேசைக்கு வரும்போது, விலையைக் கேட்பதற்கு முன்னர் அதன் சுவையை எழுதுங்கள். எழுதி முடித்த பின்னர் விலையைக் கேளுங்கள். விலை குறைவென்று கண்டால், "பெறுமதியானது" என்று எழுத வேண்டாம். "இந்த வைனுக்குரிய விலை அதனை வடித்தவனுக்கு இன்னும் கொடுக்கப்படவில்லை" என்று எழுதுங்கள். செய்தியும் அதுதான், உண்மையும் அதுதான்.